இரட்டைப் பூட்டில் ஒன்று எப்போதும் முந்துகிறது: வாரைக் குறுக்கினால் சரியாகுமா?

இரட்டைமட்டம் · ஜூன் 3, காலை 7.15

இரண்டு பெட்டை மட்டக்குதிரைகள், இரண்டும் 122 செ.மீ., ஒரே நிறம். ஒற்றைப் பூட்டில் இரண்டுமே நன்றாக ஓடுகின்றன. ஜோடியாகப் பூட்டினால் இடத்தை (இடப்பக்கக் குதிரை) அரைக் கழுத்து முன்னால் போகிறது, வலத்தை (வலப்பக்கக் குதிரை) பின்தங்குகிறது. இடத்தையின் குறுக்கு வாரை மூன்று துளை குறுக்கினேன். இப்போது அது தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டு முன்னைவிட அதிகமாக இழுக்கிறது. கடுமையான கடிவாளம் போடச் சொல்கிறார்கள். நான்கு சக்கர வண்டி, ஏர்க்கால் (இரண்டுக்கும் நடுவில் வரும் கம்பம்), மார்ப்பட்டை. இது சரியானதும் இன்னொரு ஜோடி சேர்த்து நாலு பூட்டு ஓட்ட எண்ணம்.

பூட்டாங்கயிறு · ஜூன் 3, காலை 9.40

கடிவாளத்தை மாற்றாதீர்கள். முதலில் அந்த மூன்று துளையைத் திருப்பி வையுங்கள்.

ஜோடி லகானில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வார். வெளி வார் உங்கள் கையிலிருந்து நேராக அந்தப் பக்கக் குதிரையின் வெளி வளையத்துக்குப் போகிறது. குறுக்கு வார் அதே லகானில் கொக்கியிட்டு, நடுவே கடந்து, அடுத்த குதிரையின் உள் வளையத்துக்குப் போகிறது. அதாவது இடத்தையின் உள்பக்க வாய் உங்கள் வலது லகானில்தான் தொங்குகிறது. நீங்கள் குறுக்கியது அதன் வாயின் ஒரு பக்கத்தை மட்டும். வெளிப்பக்கம் பழைய நீளத்திலேயே இருக்கிறது. தலை உள்ளே திரும்பாமல் வேறென்ன செய்யும்? தலை உள்ளே போனதும் தோள் வெளியே பிதுங்கும், உடல் கோணலாகும், வாயின் ஒரு பக்கத்தில் ஓயாத அழுத்தம் விழும். ஓயாத அழுத்தத்துக்குக் குதிரை கொடுக்கும் பதில் எதிர்த்து இழுப்பதுதான். முன்னைவிட அதிகமாக இழுப்பதற்குக் காரணம் அதுவே.

ஒரு குதிரையைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு குறுக்கு வாரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முந்துகிறதன் குறுக்கு வார்க் கொக்கி கைப்பக்கம் ஒரு துளை. பின்தங்குகிறதன் குறுக்கு வார்க் கொக்கி வாய்ப்பக்கம் ஒரு துளை. பிறகு லகானைக் கையில் சமன் செய்தால் இரண்டு தலையும் நேராக நிற்கும், ஒன்று மட்டும் சற்றுப் பின்னால் வரும்.

பூட்டாங்கயிறு · ஜூன் 3, காலை 10.05

கணக்காகச் சொன்னால் மறக்காது. ஜெர்மானிய வண்டியோட்டும் ஆசான் பென்னோ வான் ஆகன்பாக் (1861–1936) வகுத்த முறையில் வெளி வாரில் 11 துளை, துளைக்கு துளை 4 செ.மீ. நடுத்துளை ஆறாவது. இரண்டு கொக்கியும் ஆறில் இருந்தால் கூட்டு 12. முந்துகிறதற்கு 5, மற்றதற்கு 7: கூட்டு 12. இன்னும் வேண்டுமானால் 4, 8. கூட்டுத்தொகை மாறாமல் இருந்தால் தலைகள் நேராக இருக்கும். கூட்டு குறைந்தால் தலைகள் ஒன்றையொன்று நோக்கும். கூடினால் இரண்டும் வெளியே பார்க்கும். துளைகளைக் கைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

வலப்பக்கத்து வாரையும் இடப்பக்கத்து வாரையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருந்தால், அல்லது ஒன்று மட்டும் நீண்டு போயிருந்தால், துளை எண் பொய் சொல்லும். முதலில் இரண்டு லகானையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அளந்து பாருங்கள்.

லாயம் · ஜூன் 3, பகல் 1.30

வாரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இது வாரில் தொடங்கிய நோய் இல்லை. இரண்டுக்கும் உயரம் ஒன்று, நிறம் ஒன்று. நடையின் எட்டு (ஒரு தடவை கால் வைக்கும் நீளம்) ஒன்றா? அதைக் கேட்கவேண்டும்.

பூட்டாங்கயிறு · ஜூன் 3, மாலை 6.20

அதுதான் முக்கியம். உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பது கண்ணுக்கு. வண்டிக்கு வேண்டியது ஒரே நீள எட்டும் ஒரே வேகமும்.

சோதிக்க எளிய வழி: சமதரையில் 200 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வையுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக, ஒரே வண்டியில், லகானில் பிடிக்காமலும் சாட்டை காட்டாமலும், அதற்குச் சுகமான டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்) ஓட்டி நேரம் பாருங்கள். மணிக்கு 12 கி.மீ. என்றால் 60 விநாடி. 14 கி.மீ. என்றால் ஏறக்குறைய 51 விநாடி. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. வீட்டை நோக்கி ஓடும்போது எல்லாம் வேகமெடுக்கும், அதனால் ஒரு பக்கத்துக் கணக்கை நம்பக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று விநாடி என்றால் பயிற்சியில் தீரும். எட்டு பத்து விநாடி என்றால் எந்த வாரும் தீர்க்காது. ஜோடியை மெதுவானதன் வேகத்தில்தான் ஓட்டவேண்டும். வேகமானதற்கு அது சலிப்பு, மெதுவானதை விரட்டினால் அதற்கு வேதனை.

நடையையும் பாருங்கள். ஈர மணலில் நடத்திப் பார்த்தால் பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தைத் தாண்டி எவ்வளவு விழுகிறது என்று தெரியும். ஒன்றுக்கு நன்றாகத் தாண்டி, மற்றதற்குத் தடத்திலேயே விழுந்தால், ஒரே உயரமானாலும் அவை ஒரே எட்டுக் குதிரைகள் இல்லை.

இரட்டைமட்டம் · ஜூன் 4, இரவு 8.10

அளந்தேன். இடத்தை 54, வலத்தை 57 விநாடி. திரும்பும்போது இரண்டும் ஒரு விநாடி குறைவு. வாரை 5, 7 வைத்தேன். தலை நேராகிவிட்டது. ஆனால் வலத்தையின் இழுவார்கள் (மார்ப்பட்டையிலிருந்து வண்டிக்குப் போகும் வார்கள்) இன்னும் தொய்வாகத் தொங்குகின்றன. ஓட்டத்தில் பாதி நேரம் இடத்தை மட்டும்தான் இழுக்கிறது.

பூட்டாங்கயிறு · ஜூன் 5, காலை 6.50

மூன்று விநாடி நல்ல செய்தி.

இனி இழுவார். லகான் முடிவு செய்வது தலை எங்கே நிற்கவேண்டும் என்பதை. யார் எவ்வளவு இழுப்பது என்பதை முடிவு செய்வது இழுவாரும், உங்கள் குரலும், சாட்டையும். சோம்பலானதை வேலைக்குக் கொண்டுவர அதன் இழுவாரைக் குறுக்குவார்கள் சிலர். செய்யக்கூடாது. இழுவார் குறுகினால் அந்தக் குதிரை பின்னால் நின்றபடியே இழுக்கும், வண்டி அதன் பின்னங்கால் முட்டிக்குக் கிட்டே வந்துவிடும், பின்தங்குவது நிரந்தரமாகும். நான்கு இழுவாரும் ஒரே நீளம். வித்தியாசம் உடல் நீளத்தால் வந்தால் மட்டும் ஒரு துளை.

உங்கள் வண்டியில் இழுகட்டை (இழுவார்களை மாட்டும் குறுக்குக் கட்டை) எப்படிப்பட்டது? மார்ப்பட்டை போட்டிருப்பதால் ஒவ்வொரு குதிரைக்கும் நடுமுளையில் ஆடும் தனி இழுகட்டை இருந்தே ஆகவேண்டும். தோள் மாறி மாறி முன்னே போகும்போது கட்டை ஆடிக்கொடுக்கும். அசையாத கட்டையில் மார்ப்பட்டையைப் பூட்டினால் பட்டை ஒவ்வொரு எட்டுக்கும் தோலில் இடமும் வலமும் அரைக்கும், தோள் முனை புண்ணாகும். அசையாத கட்டைக்குக் கழுத்து வளையம்தான் பொருந்தும்.

தனித்தனி இழுகட்டைகளுக்கு மேலே இரண்டையும் இணைத்து நடுவில் ஆடும் பெரிய கட்டையும் இருந்தால், அதை இருபுறமும் கட்டிவைத்து ஓட்டிப் பாருங்கள். அது ஆடும்போது முந்துகிற குதிரை கட்டையின் தன் பக்கத்தை முன்னே கொண்டுபோகும், மற்றது பின்னே போகும். இந்த வித்தியாசத்தைக் கையால் திருத்த வழியே இருக்காது.

இரட்டைமட்டம் · ஜூன் 5, காலை 8.00

ஆமாம், பெரிய கட்டை ஆடுகிறது. இன்றே கட்டுகிறேன்.

பூட்டாங்கயிறு · ஜூன் 5, பகல் 12.15

கட்டும்போது ஏர்க்கால் வாரையும் பாருங்கள். இழுவார்கள் விறைப்பாக இருக்கும்போது ஏர்க்கால் முனையிலிருந்து மார்ப்பட்டைக்கு வரும் வாரில் கொஞ்சம் தொய்வு இருக்கவேண்டும். தொய்வே இல்லையென்றால் குதிரை இழுப்பது வண்டியை அல்ல, தன்னையே. அதன் தோள் முன்னும் பின்னும் பிடிபட்டிருக்கும். அதிகத் தொய்வென்றால் நிறுத்தும்போது வண்டி உருண்டு வந்து இழுகட்டை பின்னங்காலில் இடிக்கும். ஒரு முறை இடித்தால் போதும், அந்தக் குதிரை அடுத்த பல நாள் பள்ளத்தைக் கண்டாலே மிரளும்.

அடுத்தது குரல். இது பலரும் விடுகிற இடம். ஜோடியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டளை கொடுத்தால் கேட்பது முந்துகிற குதிரைதான். ஒவ்வொன்றுக்கும் குறுகிய, ஒலியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெயர் வேண்டும். பெயர் முதலில், கட்டளை பிறகு. தனியாக நீள்வாரில் பின்னால் நடந்து ஓட்டும்போதே இதைப் பழக்கவேண்டும்: பெயர், ஒரு நொடி இடைவெளி, "நட". காது திரும்புகிறதா என்று பாருங்கள். காது திரும்பிய பிறகுதான் கட்டளை.

சாட்டை சத்தமில்லாமல் தொடுவதற்கு. தொடும் இடம் மார்ப்பட்டைக்கும் முதுகுத் திண்டுக்கும் நடுவில் உள்ள விலாப்பகுதி. வலத்தையின் பெயர், உடனே வெளிப்பக்கத்திலிருந்து மெல்லத் தொடுதல், அது தோளைக் கொடுத்த கணத்தில் விட்டுவிடுதல். சாட்டை வீசும் ஒலி கேட்டால் இடத்தைதான் பாயும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்புவீர்கள். பிட்டத்தில் தொடாதீர்கள், உதைக்கக் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

நெடுஞ்சாட்டை · ஜூன் 6, இரவு 9.30

இடையில் ஒரு கேள்வி. எனக்கு மூன்று வயது மட்டம் ஒன்று. தேர்ந்த கிழக்குதிரை பக்கத்தில் பூட்டி நேராக ஜோடியிலேயே பழக்கலாம் என்கிறார்கள். ஒற்றையில் பழக்கித்தான் ஆகவேண்டுமா?

லாயம் · ஜூன் 7, காலை 7.00

ஜோடியிலேயே பழக்கலாம். ஐரோப்பாவில் பல லாயங்களில் அதுதான் வழக்கம். பக்கத்தில் அனுபவசாலி இருக்கும்போது குட்டிக்கு நெஞ்சு பதறாது. பெரியது நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். வண்டியின் பாரமும் முதலில் பெரியதன் மேல்தான். ஒற்றைப் பூட்டில் இரண்டு பக்கமும் வண்டியின் பக்கக் கட்டை விலாவைத் தொடும்போது தனியாக நிற்கிற குட்டிக்குத்தான் பயம் அதிகம்.

பூட்டாங்கயிறு · ஜூன் 7, காலை 9.10

அதன் பலன் உண்மை. குறையையும் சொல்லவேண்டும். பக்கத்துக் குதிரையைப் பார்த்து ஓடக் கற்றது, கட்டளையைக் கேட்டு ஓடக் கற்றதாகாது. கிழக்குதிரை ஓய்ந்த நாளில் அதன் பக்கத்தில் வேறொன்று வந்தால் ஒன்றுமே தெரியாததுபோல் நிற்கும். அதனால் தொடக்கம் ஜோடியில் இருந்தாலும் ஒற்றைப் பூட்டைத் தாண்டாமல் பயிற்சி முடியாது. குட்டியை எப்போதும் ஒரே பக்கத்தில் பூட்டினால் அந்தப் பக்கத்துக் குதிரையாகவே தங்கிவிடும் என்பதால் மாற்றி மாற்றிப் பூட்டவும் வேண்டும்.

வயதைப் பற்றியும். மூன்றில் நீள்வாரும் காலி வண்டியும் போதும். பாரம் நான்குக்குப் பிறகு. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் ஐந்தரை, ஆறு வயது வரை மூடுவதில்லை. மட்டக்குதிரை சிறியதாக இருப்பதால் சீக்கிரம் முதிர்ந்துவிட்டதாக நினைப்பது தவறான கணக்கு.

வண்டிக்கு முன்னால் உள்ள வரிசை: கையில் பிடித்து நடத்தி, நிற்கவும் நகரவும் பழக்குதல். வட்டக்கயிற்றில் குரலுக்கு நடை மாற்றுதல். சேணத்தைத் துண்டு துண்டாக ஏற்றுதல், முதுகுத் திண்டு ஒரு நாள், வால்வார் இன்னொரு நாள். வால்வாரை முதல் தடவை போடும்போது வாலின் மயிர் முழுதும் வளையத்துக்குள் வந்துவிட்டதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு மயிர் சிக்கினாலும் குத்தும், குதிரை பின்னுக்கு உதைக்கும், அந்த உதையை வால்வாரோடு சேர்த்தே நினைவில் வைக்கும். அதன்பின் நீள்வாரில் பாதையெல்லாம் நடத்துதல். பின்னால் ஒருவர் இழுவாரைக் கையில் பிடித்துச் சிறிது சிறிதாகப் பாரம் கொடுத்து, மிரண்டால் உடனே விடுதல். பிறகு டயர் அல்லது கட்டை. அதை முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது, ஒருவர் கயிற்று நுனியைப் பிடித்து நடக்கவேண்டும். ஓசைக்குப் பழகியபின் இரு பக்கமும் லேசான குழாய்களைத் தொங்கவிட்டுத் திரும்பச் செய்தல், விலாவில் கட்டை தொடுவது பழகுவதற்கு. கடைசியில் இரண்டு சக்கர வண்டி.

இதில் எதிலும் நாள் கணக்கு இல்லை. அடுத்த படிக்குப் போக ஒரே தகுதி, முந்தைய படியில் குதிரை சலித்து நிற்கவேண்டும்.

நெடுஞ்சாட்டை · ஜூன் 7, இரவு 10.00

கண்மறைப்பு?

பூட்டாங்கயிறு · ஜூன் 8, காலை 6.30

கண்மறைப்போடும் இல்லாமலும் பழக்கலாம். ஆனால் ஒன்றில் பழகியதை மற்றதற்கு மாற்றும்போது புதிதாகப் பழக்கவேண்டும். கண்மறைப்போடு ஓடிய குதிரைக்குச் சக்கரம் சுழல்வது தெரியாது. அதைத் திடீரெனக் கழற்றினால் பின்னால் ஏதோ துரத்துவதாகவே தோன்றும். மறைப்புத் தட்டின் நடுவில் கண் வரவேண்டும். தட்டு தளர்ந்து வெளியே விரிந்தால் இடுக்கு வழியாகப் பாதி சக்கரம் தெரியும், அது முழுதாகத் தெரிவதைவிட மோசம். கண்ணிமையில் தொட்டாலும் ஆகாது.

இதோடு சேர்த்து ஒரு விதி, விலக்கே இல்லாதது: வண்டியில் பூட்டியிருக்கும்போது தலைப்பட்டையைக் கழற்றக்கூடாது. காதைச் சரி செய்வதற்காகக்கூட. பூட்டிய குதிரை தலையைக் கம்பத்தில் தேய்க்க விடவும் கூடாது. தலைப்பட்டை நழுவி விழுந்த குதிரைக்குக் கடிவாளமும் இல்லை, முதன்முதலாக வண்டியையும் பார்க்கிறது.

இரட்டைமட்டம் · ஜூன் 12, இரவு 7.45

பெரிய கட்டையைக் கட்டியபின் வலத்தையின் இழுவார் விறைப்பாகிவிட்டது. பெயரும் வேலை செய்கிறது. ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் வண்டி மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

பூட்டாங்கயிறு · ஜூன் 12, இரவு 9.00

உள் லகானை இழுத்துத் திருப்புகிறீர்கள். ஜோடியைத் திருப்புவது வெளி லகானை விட்டுக்கொடுப்பதால். இடப்பக்கம் திரும்ப வலது கை முன்னே போகவேண்டும். வெளிக் குதிரைக்கு வட்டம் பெரிது. அதற்கு வழி கிடைத்தால் அது முன்னேறும், உள் குதிரை தானாகத் திரும்பும். உள்ளே இழுத்தால் நடப்பது: இடத்தையின் வெளி வாரும் வலத்தையின் உள் வாரும் சேர்ந்து இழுபடும், இரண்டும் வேகம் இழக்கும், உள் குதிரை நின்ற இடத்தில் சுழலும், சக்கரம் அதன் பக்கம் ஏறும்.

திருப்பத்துக்கு முன் நேரான பாதையிலேயே வேகத்தைக் குறையுங்கள். திருப்பத்தில் குறைக்கக்கூடாது.

அடிப்படைப் பிடியும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லகானும் இடது கையில். இடது லகான் ஆள்காட்டி விரலின் மேல், வலது லகான் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். வலது கை சாட்டையோடு முன்னால் வந்து உதவும். இப்படிப் பிடித்தால் எந்த நேரமும் வலது கை விடுதலையாகும்: பிரேக், சைகை, சாட்டை எதுவானாலும்.

லாயம் · ஜூன் 13, காலை 8.20

உங்கள் வண்டியின் முன் அச்சு முழுவதும் திரும்பக்கூடியதா? அப்படியானால் பின்னால் தள்ளும்போது கவனம். ஏர்க்கால் ஒரு பக்கம் மடங்கிவிட்டால் வண்டி குறுக்காக மடிந்து கவிழும். பின்நகர்த்துவது நேராக நின்ற நிலையிலிருந்து, ஓரிரு எட்டு மட்டும்.

இரட்டைமட்டம் · ஜூன் 20, காலை 7.30

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். நாலு பூட்டு. முன் ஜோடியாக யாரைப் போடுவது, வலுவானதையா?

பூட்டாங்கயிறு · ஜூன் 20, மாலை 5.50

வலுவானது பின் ஜோடி. ஏர்க்காலைத் தாங்குவதும், திருப்புவதும், நிறுத்துவதும் அவைதான். முன் ஜோடிக்கு வேண்டியது முன்னே போகும் மனம், வெறும் பாதையைத் தனியாக எதிர்கொள்ளும் துணிவு, மெல்லிய வாய். சற்றுச் சிறியதாக இருந்தால் நல்லது. சர்வதேசப் போட்டிகளில் மட்டக்குதிரைக்கு எல்லை லாடமில்லாமல் 148 செ.மீ.  ஆனால் நான்கும் ஒரே அளவு எட்டு வைப்பவையாகத் தேடுங்கள். 1970-களில் பெரிய குதிரைகளால் நாலு பூட்டு ஓட்டிய பிரிட்டிஷ் இளவரசர் பிலிப், பின்னாளில் வட இங்கிலாந்து இனமான ஃபெல் மட்டக்குதிரைகளுக்கு மாறி, 90 வயதைத் தாண்டியும் ஓட்டினார். நடைப் பொருத்தம் உள்ள மட்டங்கள் நான்கு கிடைத்தால் கைக்கு எவ்வளவு அடக்கம் என்பதற்கு அது போதும்.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றும் பின் ஜோடி இடத்தில் இரு பக்கமும் ஓடிப் பழகியிருக்கவேண்டும். முன் ஜோடியில் ஒன்றாவது ஏற்கெனவே முன்னால் ஓடியதாக இருக்கட்டும். இரண்டும் புதிதென்றால் திரும்பி உங்களைப் பார்க்கும். முன் ஜோடிக்கு முன்னால் ஒன்றும் இல்லை, பிடித்து நிறுத்த ஏர்க்காலும் இல்லை. அவை முழுதாகத் திரும்பி நின்றால் வார்கள் நான்கும் சிக்கும். முதல் ஓட்டங்களில் உதவியாள் இருவர் வண்டியில் இருக்கவேண்டும். திரும்பும் அறிகுறி தெரிந்ததும் இறங்கி ஓடுவது அவர்கள் வேலை.

பூட்டும் வரிசை: பின் ஜோடி முதலில், முன் ஜோடி பிறகு. அவிழ்க்கும்போது முன் ஜோடி முதலில். ஒவ்வொரு குதிரைக்கும் வெளி இழுவார் முதலில், உள் இழுவார் பிறகு, அவிழ்க்கும்போது தலைகீழ். வெளி இழுவார் மாட்டியிருந்தால் பிட்டம் வெளியே சுழலாது. லகானோடு ஏறுவதில் ஓட்டுபவர் முதல், இறங்குவதில் கடைசி. அவர் ஏறி லகானைச் சமன் செய்யும்வரை தலைப்பக்கம் நிற்பவர் நகரக்கூடாது.

பூட்டாங்கயிறு · ஜூன் 21, காலை 7.05

பிடி. இடது முன் லகான் ஆள்காட்டி விரலின் மேல். வலது முன் லகான் ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில், அதே இடைவெளியில் அதன் கீழே இடது பின் லகான். வலது பின் லகான் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். வண்டி இல்லாமல் நாற்காலியின் முதுகில் நான்கு வார் கட்டி உட்கார்ந்து பழகுங்கள். ஒவ்வொரு வாரின் நுனியிலும் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் விரல் சோர்வும் தெரியும். விரல் பார்க்காமல் எந்த வார் எது என்று தெரியும்வரை குதிரையிடம் போகவேண்டாம்.

திருப்பத்தில் நாலு பூட்டு ஜோடியைப் போல் இல்லை. இடப்பக்கம் திரும்ப இடது முன் லகானில் ஒரு சாண் அளவுக்கு வலது கையால் மடக்கி இடது கட்டைவிரலின் கீழே கொடுங்கள். முன் ஜோடி திரும்பும். அதைப் பார்த்ததும் பின் ஜோடியும் உடனே திரும்பப் பார்க்கும், மூலையை வெட்டும். அதைத் தடுக்க வலது பின் லகானில் ஒரு மடிப்பு எதிராக எடுத்து, வண்டி மூலைக்கு வந்த பிறகு விடவேண்டும். இந்த எதிர்மடிப்பைக் கற்காமல் நகருக்குள் நாலு பூட்டு ஓட்டினால் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறும்.

அதைவிட முக்கியம்: திருப்பத்தில் முன் ஜோடி இழுக்கக்கூடாது. அவற்றின் இழுவார் ஏர்க்கால் முனையில் தொங்குகிறது. பக்கவாட்டில் போனபடி அவை இழுத்தால் ஏர்க்கால் முனையையே அந்தப் பக்கம் இழுத்துவிடும், பின் ஜோடி கால் இடறும். திருப்பத்துக்கு முன்பே முன் லகான்களைச் சற்று எடுத்து அவற்றின் இழுவாரைத் தொய்வாக்குங்கள். இறக்கத்திலும் அப்படியே. கிளம்பும்போது பாரத்தைப் பின் ஜோடி எடுக்கட்டும். முன் ஜோடி முதலில் பாய்ந்தால் இழுகட்டை எகிறி அவற்றின் பின்னங்காலில் அடிக்கும்.

லாயம் · ஜூன் 21, பகல் 2.00

சாட்டை நீளத்தையும் சொல்லுங்கள். ஜோடிச் சாட்டை முன் ஜோடிக்கு எட்டாது.

பூட்டாங்கயிறு · ஜூன் 21, இரவு 8.40

ஆமாம், முன் ஜோடியின் தோளை எட்டும் அளவுக்கு நுனிக்கயிறு வேண்டும். ஓடும்போது அந்தக் கயிற்றைக் கோலில் சுற்றி வைத்து, தேவைப்படும்போது மட்டும் அவிழ்த்து வீசி மறுபடி சுற்றவேண்டும். தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும். சுற்றுவதையும் வீசுவதையும் கட்டிடத்துச் சுவரில் ஒரு சுண்ணாம்புப் புள்ளியை அடித்துப் பழகுங்கள், குதிரையின் மேல் அல்ல.

நெடுஞ்சாட்டை · ஜூன் 24, காலை 6.40

ஜோடி எவ்வளவு பாரம் இழுக்கும்?

பூட்டாங்கயிறு · ஜூன் 24, காலை 9.20

சமதரை, நல்ல சக்கரம், நல்ல தார்ச்சாலை என்றால் ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு: வண்டியும் ஆட்களும் சேர்த்து குதிரையின் எடை அளவிலிருந்து ஒன்றரை மடங்குவரை. 250 கிலோ குதிரை இரண்டு என்றால் 500 முதல் 750 கிலோ. ஏற்றம், மணல், ஈரமண், வெப்பம் இவற்றில் எது வந்தாலும் கீழ் எண்ணுக்கு வாருங்கள். எடையைக் கணிக்க எடைப்பட்டை உதவும், கண்மதிப்பு உதவாது.

ஓட்டத்துக்குப் பிறகு நாடித்துடிப்பைப் பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், சிறிய மட்டங்களுக்குச் சற்று அதிகமாகலாம். நிறுத்திய 10, 15 நிமிடத்தில் 64-க்குக் கீழே வராவிட்டால் அன்றைய வேலை அதிகம். உடல்வெப்பம் ஓய்வில் 37.5 முதல் 38.5 செல்சியஸ்.

சேணத்தைக் கழற்றும்போது வியர்வைத் தடத்தைப் படிக்கப் பழகுங்கள். பட்டைக்குக் கீழே எல்லா இடமும் ஈரமாக இருந்து ஒரே ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகமாக விழுந்து இரத்தமும் வியர்வையும் ஓடவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு முன் அந்த இடத்தைச் சரி செய்யுங்கள். சரி செய்யாவிட்டால் வீங்கும், பிறகு வெள்ளை மயிராக முளைக்கும். மார்ப்பட்டை தோள் முனைக்கு மேலேயும் மூச்சுக்குழலுக்குக் கீழேயும் இருக்கவேண்டும். தோள் முனையில் உட்கார்ந்தால் எட்டு குறுகும். முன்னே போகாத மட்டத்தைச் சோம்பேறி என்று சாட்டை எடுக்கும் முன் பட்டை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

லாயம் · ஜூன் 25, காலை 7.50

அதோடு தீவனம். மட்டங்கள் காற்றிலும் கொழுக்கும். நாளுக்கு உலர் தீவனம் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், பெரும்பாலும் வைக்கோலோ உலர்ப்புல்லோ. பசும்புல்லில் கொழுத்த மட்டத்துக்குக் குளம்பு அழற்சி வந்தால் வண்டி ஓடுவதே நிற்கும். பின்னுக்குச் சாய்ந்து நிற்பது, குளம்பில் சூடு, குளம்புக்கு மேலே நாடி பலமாகத் துடிப்பது, திருப்பத்தில் குட்டை எட்டு: இதில் ஏதாவது ஒன்றென்றாலும் மருத்துவரை அழையுங்கள், பூட்டாதீர்கள். கழுத்துமேடு கெட்டியாக இருந்தால் இப்போதே தீவனத்தைக் குறைக்கவேண்டும்.

இரட்டைமட்டம் · ஜூலை 2, இரவு 9.15

நாலு பூட்டை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஜோடி நேராக ஓடுகிறது. இறக்கத்தில் மட்டும் இடத்தை மறுபடி முந்துகிறது, கடிவாளத்தில் தொங்குகிறது. இதற்குக் கடிவாளம் மாற்றலாமா?

பூட்டாங்கயிறு · ஜூலை 3, காலை 6.45

மாற்றவேண்டாம். இறக்கத்தில் வண்டி தள்ளுகிறது. பின்பட்டை (பிட்டத்தைச் சுற்றி வந்து வண்டியின் தள்ளலைத் தாங்கும் பட்டை) இல்லாத ஜோடியில் அந்தத் தள்ளல் ஏர்க்கால் வார் வழியாகக் கழுத்துக்கு வருகிறது, குதிரை தப்பிக்க வேகமெடுக்கிறது. சோதனை: இறக்கம் தொடங்கும் முன்பே காலால் பிரேக்கை மெல்ல மிதித்து, இழுவார் தொய்வாகாதபடி வைத்து இறங்குங்கள். தொங்குவது நின்றால் காரணம் வண்டிதான். நீண்ட இறக்கப் பாதை என்றால் பின்பட்டை பூட்டுங்கள். பிட்டத்தின் கீழ்ப்பாதியில், வண்டி உருளாத நிலையில் ஒரு கை நுழையும் இடைவெளியோடு.

இதற்குப் பிறகும் தொங்கினால் கடிவாளத்தைப் பேசலாம். லிவர்பூல் கடிவாளம் (பக்கத் தண்டில் வளையமும் அதன் கீழே துளைகளும் உள்ளது) போட்டிருந்தால் லகானை வளையத்திலேயே வையுங்கள். கீழ்த்துளைக்குப் போனால் நெம்புகோல் கூடும், தாடைச் சங்கிலியின் அழுத்தமும் கூடும். லகானை எடுக்கும்போது தண்டு சுமார் 45 பாகை சாய்ந்ததும் சங்கிலி பிடிக்கவேண்டும். முன்பே பிடித்தால் இறுக்கம், வெகுவாகச் சாய்ந்து பிடித்தால் சங்கிலி இருந்தும் இல்லாததே. கடிவாள இரும்பு வாயின் அகலத்தைவிட அரை செ.மீ. அதிகம் இருக்கட்டும். கன்னத்தை நெரித்தால் எந்தத் துளையும் உதவாது. பல்லையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பின்பல் கூர்மை கன்னத்தைக் கீறும், இரும்பைத் தாங்காமல் சாய்வதற்குப் பல்லே காரணமாக இருக்கலாம்.

இரட்டைமட்டம் · ஜூலை 5, மாலை 6.00

பிரேக் சோதனையில் தொங்குவது நின்றது. பின்பட்டைக்கு அளவெடுத்துவிட்டேன்.

பூட்டாங்கயிறு · ஜூலை 5, மாலை 7.20

முதல் மூன்று நான்கு ஓட்டத்தில் புதுப் பட்டை நீளும், அளவு மாறும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரு பக்கத்துத் துளையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் உபரி இழுவார், கத்தி, குளம்புக் கொக்கி, தோல் துளைக்கருவி, இரண்டு கயிற்றுத் தலைப்பட்டை எப்போதும் இருக்கட்டும்.